பின்பால் பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையையும், கூடவே கட்டம் கட்டி வெளியிட்டிருந்த ‘நீங்களே ஒரு பின்பால் செய்யுங்கள்’ என்ற செய்முறையையும் படித்தேன். (சாய்ந்த மேசையில் உருளும் எஃகுப் பந்தை, கீழே உள்ள குழியில் விழாமல் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும் ஆட்டம்தான் பின்பால்.) பள்ளிப் பிள்ளைகளை நிரல் எழுதவைக்கும் எதையும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தச் செய்முறையை அச்சிட்டபடியே எழுதிப்பார்க்கும் மாணவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். தவறு அவருடையது அல்ல, செய்முறையுடையது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கட்டுரையில் வரலாற்றுப் பிழைகளும் உண்டு. அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நம் கல்லூரி ஆய்வகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இணையம் போனதும் எல்லோரும் திறந்த ‘ஸ்பேஸ் கேடட்’ பின்பாலை மைக்ரோசாஃப்ட் உருவாக்கவில்லை. அதைச் செய்தது சினிமாட்ரானிக்ஸ் என்ற வெளி நிறுவனம். 1995-ல் மேக்சிஸ் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட் பின்பால்’ தொகுப்பில் மூன்று மேசைகள் இருந்தன. அதில் ஒன்றை மட்டும் மைக்ரோசாஃப்ட் உரிமம் பெற்று, விண்டோஸ் 95-க்கான ‘பிளஸ்’ தொகுப்பில் சேர்த்தது. பிறகு அது என்டி 4, 2000, எம்இ, எக்ஸ்பி என்று தொடர்ந்தது. விஸ்டாவில் காணோம்.

‘ஆடுவோர் குறைந்ததால் நீக்கப்பட்டது’ என்கிறது கட்டுரை. மைக்ரோசாஃப்டின் நிரலாளர் ரேமண்ட் சென் 2012-லேயே காரணத்தை எழுதிவிட்டார். 32 பிட் நிரல்களை 64 பிட்டுக்கு மாற்றும் வேலை நடந்தபோது, பின்பாலில் மோதலைக் கண்டறியும் பகுதி வேலை செய்யாமல் போனது. ஆட்டத்தைத் தொடங்கினால் பந்து, அதை ஏவும் தண்டான பிளஞ்சர் மேல் வந்து நிற்காது. மெதுவாக அதன் வழியாகவே இறங்கி மேசைக்குக் கீழே போய்விடும். நிரல் வெளியார் எழுதியது, விளக்கக் குறிப்புகள் கிட்டத்தட்ட இல்லை. எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க முடியாததால் விளையாட்டையே எடுத்துவிட்டார்கள். பந்து சுவரைத் துளைப்பது பள்ளி மாணவருக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றும் சென் சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டம் கணினி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகப் படம் வரைந்துகொண்டே இருந்தது, பிராசசரை முழுதாக விழுங்கிக்கொண்டு. அவர் நொடிக்கு 100 படம் என்று வரம்பு வைத்த பிறகுதான் அடங்கியது. தங்கள் செய்முறையின் நிரலும் இதே ரகம்: நேரக் கணக்கே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழல். பள்ளியின் பழைய கணினியில் ஆமை வேகம், வீட்டுப் புதுக் கணினியில் கண்ணுக்கே தெரியாத வேகம்.

‘ஆரம்பகால பின்பால்கள் வெறும் அசையும் படங்கள்’ என்ற வரிதான் என்னை எழுதவே வைத்தது. 1981-ல் பில் பட்ஜ் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ‘ராஸ்டர் பிளாஸ்டர்’ வில்லியம்ஸ் நிறுவனத்தின் ‘ஃபயர்பவர்’ மேசையை ஒத்தது. அடுத்த ஆண்டு டேவிட் ஸ்னைடர் எழுதி புரோடர்பண்ட் வெளியிட்ட ‘டேவிட்ஸ் மிட்நைட் மேஜிக்’ அதே வில்லியம்ஸின் ‘பிளாக் நைட்’ மேசையை முன்மாதிரியாகக் கொண்டது. அந்த இரண்டு அசல் மேசைகளையும் வடிவமைத்தவர் ஒருவரே, ஸ்டீவ் ரிச்சி. 1982-லேயே வந்த ‘நைட் மிஷன் பின்பால்’ புரூஸ் ஆர்ட்விக்கின் கைவண்ணம். ஃப்ளைட் சிமுலேட்டர் எழுதிய அதே ஆர்ட்விக்தான். விமானத்தைப் பறக்கவிட்டவர் பந்தை உருட்ட வந்ததில் வியப்பில்லை, இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அதில் மேசையின் எண்ணற்ற அளவுகளை ஆடுபவரே மாற்றிக்கொள்ளலாம்.

பட்ஜின் அடுத்த படைப்பான ‘பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’டை முதலில் அவரே சொந்தமாக வெளியிட்டார். 1983-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டது. திரையின் ஒரு பக்கம் வெறும் மேசை, மறுபக்கம் பாகங்கள்: பந்தைத் தட்டும் கையான ஃபிளிப்பர், பட்டதும் பந்தை உந்தித்தள்ளும் பம்பர், அடிக்க வேண்டிய இலக்கான டார்கெட், குழி. ஜாய்ஸ்டிக்கால் பாகத்தைப் பிடித்து இழுத்து மேசையில் வைக்க வேண்டும். சுவரின் மூலையைப் பிடித்து இழுத்தால் சுவர் வளையும். இதையெல்லாம் மெக்கின்டாஷ் கடைக்கு வருமுன்பே 48 கேபி நினைவகத்தில் செய்தார் என்பதை நினைவில் வையுங்கள். வயரிங் பகுதி இன்னும் அருமை. மூன்று டார்கெட்டுகளை ஒரு லாஜிக் கேட்டில் இணைத்தால், மூன்றும் அடிபட்ட பிறகுதான் போனஸ் விழும். ஈர்ப்பு, வேகம், பம்பரின் உந்துதல், மீள்தன்மை (மோதிய பந்து எவ்வளவு துள்ளும் என்பது) நான்கையும் நகர்த்திப் பார்க்கலாம். செய்து முடித்த மேசையைத் தனி ஃப்ளாப்பியில் பதிந்து நண்பருக்குக் கொடுத்தால், மூல நிரல் இல்லாமலே அவர் ஆடலாம். வெறும் அசையும் படத்தில் இதில் எதுவும் நடக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செய்முறையில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று போட்டிருக்கிறீர்கள். அது நேர்க்குத்தாக விழும் கல்லுக்கு. பின்பால் மேசை சுமார் 6.5 பாகை சாய்ந்த பலகை. அந்தச் சரிவின் வழியாக இழுக்கும் பங்கு 9.8-ஐ 6.5 பாகையின் சைன் மதிப்பான 0.113-ஆல் பெருக்கினால் வரும் 1.11. பந்து வழுக்கவில்லை, உருளுகிறது. உருளும் திண்மக் கோளத்துக்கு அதில் ஏழில் ஐந்து பங்குதான் முன்னேற்றமாகக் கிடைக்கும், மீதி சுழற்சிக்குப் போய்விடும். ஆக நொடியின் வர்க்கத்துக்கு 0.79 மீட்டர். தாங்கள் கொடுத்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு! மேசையின் நீளம் 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. மேலிருந்து விட்ட பந்து கீழே வர உண்மையில் 1.6 நொடி ஆகும். 9.8 போட்டால் அரை நொடிகூட ஆகாது. ஃபிளிப்பரைத் தட்ட விரல் எழும்புமுன் பந்து குழிக்குள் இருக்கும்.

அடுத்து, நொடிக்கு 30 படம் என்ற கணக்கு. உண்மையான எஃகுப் பந்தின் குறுக்களவு 27 மி.மீ., எடை 80 கிராம். நன்றாகத் தட்டிய பந்து நொடிக்கு 3 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 10 செ.மீ. தாண்டிவிடும். அதாவது தன் உடம்பைப்போல் நான்கு மடங்கு தூரம். நடுவில் 5 மி.மீ. சுவர் இருந்தால் நிரலுக்கு அது தெரியவே தெரியாது: முந்தின படத்தில் பந்து சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படத்தில் அந்தப் பக்கம், இரண்டிலும் ‘தொடவில்லை’ என்றே பதில் வரும். சுவரை தடிமனாக வரையுங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஃபிளிப்பரையும் தடிமனாக வரைய முடியுமா?

சரியான வழி, ஒரு படத்துக்கான நகர்வைச் சிறு அடிகளாகப் பிரிப்பது. ஓர் அடியில் பந்து தன் ஆரத்தில் பாதிக்கு மேல், அதாவது 7 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. நொடிக்கு 60 படம் என்றால் 3 மீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கு 50 மி.மீ. எட்டாகப் பிரித்தால் அடிக்கு 6.25 மி.மீ. ஒவ்வொரு அடியிலும் மோதலைப் பார்க்க வேண்டும், எட்டு அடியும் முடிந்த பின் ஒரே ஒரு முறை படம் வரைய வேண்டும். இன்றைய கணினிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

அன்றைய கணினிக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கணக்குப் போட்டால்தான் அவர்களின் திறமை புரியும். ஆப்பிள் 2-ன் 6502 பிராசசர் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கில் கிடைப்பது சுமார் 17,000 சுழற்சி, அதாவது பிராசசரின் துடிப்பு. பெருக்கல் கட்டளை கிடையாது. எட்டு பிட் எண்கள் இரண்டைப் பெருக்கவே நூறு சுழற்சிக்கு மேல் செலவாகும். தசம எண்களும் கிடையாது. ஒரு பைட் முழு எண்ணுக்கு, ஒரு பைட் பின்னத்துக்கு என்று வைத்துக்கொண்டு, 256-ல் இத்தனை பங்கு என்று கணக்குப் போட வேண்டும். திரை 280-க்கு 192 புள்ளி. முழு மேசையையும் 192 வரிகளில் அடக்கினால் ஒரு வரி 5.6 மி.மீ. 0.79 என்ற முடுக்கத்தை அந்த அளவுக்கு மாற்றினால் ஒரு படத்துக்கு 0.04 வரி, அதாவது 256-ல் 10 பங்கு. ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தின் பின்ன பைட்டில் 10-ஐக் கூட்டு, அவ்வளவுதான் ஈர்ப்பு விசை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, இன்றும் பலர் மாட்டுவது. நகர்வை எட்டாகப் பிரித்தோமே, ஈர்ப்பையும் அடிக்கு அடி சேர்ப்போம் என்று போனால், வேகத்தை அடிக்கு இத்தனை வரி என்று மாற்றி எழுத வேண்டும். அப்போது முடுக்கம் எட்டின் வர்க்கத்தால், 64-ஆல் வகுபடும். 10 பங்கு 0.16 பங்காகிவிடும். முழுமையாக்கினால் பூஜ்யம். பந்து உச்சியில் அப்படியே தொங்கும். எனவே ஈர்ப்பைப் படத்துக்கு ஒரு முறையும், நகர்வை எட்டு முறையும் செய்ய வேண்டும். அடி பெரிதானால் சுவரைத் துளைக்கும், சிறிதானால் ஈர்ப்பு காணாமல் போகும்.

எட்டால் வகுக்க பிட்டுகளை மூன்று இடம் வலப்பக்கம் நகர்த்தினால் போதும் என்பது தெரிந்ததே. ஆனால் 6502-ல் சாதாரண நகர்த்தல் இடப்பக்கம் பூஜ்யத்தை நுழைக்கும். மேல்நோக்கிப் போகும் எதிர்மறை வேகம் திடீரென்று பெரிய நேர்மறை எண்ணாகிவிடும். எண் நேர்மறையா எதிர்மறையா என்று காட்டும் குறி பிட்டைக் காப்பாற்றிக்கொண்டு நகர்த்த வேண்டும். அதிலும் ஒரு சில்லறைத் தகராறு: நேர்மறை 1-ஐ நகர்த்தினால் 0, எதிர்மறை 1-ஐ நகர்த்தினால் எதிர்மறை 1-ஆகவே நிற்கும். மெதுவாக உருளும் பந்து காரணமே இல்லாமல் இடப்பக்கம் சாயும். மேசை கோணலோ என்று தோன்றும், கோணல் கணக்கில் இருக்கிறது. வகுத்து மிஞ்சும் பின்னத்தைத் தூக்கிப்போடாமல் அடுத்த அடியோடு சேர்த்துக்கொண்டால் இது தீரும்.

‘சுவரின் நிறத்தைத் தொட்டால் திசையைத் திருப்பு’ என்ற தங்கள் மூன்றாவது படிக்கு வருவோம். நிறம் தொட்டதைச் சொல்லும், எந்தச் சாய்வில் தொட்டது என்று சொல்லாது. குறுக்கும் நெடுக்குமான சுவர் மட்டும் உள்ள பாங் ஆட்டத்துக்கு அது போதும். பின்பாலில் நேரான சுவரே அபூர்வம். பந்தின் வேகத்தில் சுவருக்குச் செங்குத்தான பங்கைத் தனியே பிரித்து, அதை மட்டும் திருப்ப வேண்டும். சுவரோடு ஒட்டிச் செல்லும் பங்கை அப்படியே விட வேண்டும். திருப்பிய பங்கை மீள்தன்மை எண்ணால் பெருக்க வேண்டும். தொடக்கத்துக்கு மரச்சுவருக்கு 0.5, ரப்பருக்கு 0.8 வைத்து, ஆடிப்பார்த்து மாற்றலாம். பெருக்கல் விலை உயர்ந்த கணினியில் சாய்வுகளை 32 திசைகளாகச் சுருக்கி, அவற்றின் சைன் மதிப்புகளை அட்டவணையாக வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சாய்வை நினைவகத்தில் எழுதிவைத்தால் என்ன? மேசைக்கு 160-க்கு 192 புள்ளி என்றால் 30,720 பைட். 48 கேபியில் இரண்டு திரைப் பக்கங்களுக்கு 16 கேபி போக மிஞ்சுவது 32 கேபி. மோதல் வரைபடம் போக நிரலுக்கு 2 கேபிதான்! ஆகவே மேசையை நான்குக்கு நான்கு கட்டங்களாகப் பிரித்து, 40-க்கு 48, மொத்தம் 1,920 பைட்டில் ‘இந்தக் கட்டத்தில் எந்தச் சுவர்’ என்று மட்டும் குறித்துவைப்பது புத்திசாலித்தனம். பந்து நிற்கும் கட்டத்தையும் சுற்றியுள்ளவற்றையும் பார்த்தால் போதும். மாணவர்களும் இதையே செய்யலாம், நினைவகப் பஞ்சத்துக்காக அல்ல. இருநூறு சுவர்த் துண்டுகளையும் ஒவ்வோர் அடியிலும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாமே.

மோதலில் இன்னும் இரண்டு காவல் வேண்டும். பந்து சுவரை நோக்கிப் போகும்போது மட்டுமே திருப்ப வேண்டும். விலகிப் போகும்போது தொட்டால் விட்டுவிட வேண்டும். இந்தச் சோதனை இல்லாத நிரலில், சுவருக்குள் ஓரிரு புள்ளி புதைந்த பந்து உள்ளே, வெளியே, உள்ளே என்று திசை மாறி அங்கேயே நடுங்கிக்கொண்டிருக்கும். மூலைகளில் இது உறுதியாக நடக்கும், ஒரே அடியில் இரண்டு சுவர் பட்டு இரண்டு முறை திரும்புவதால். திருப்பியவுடன் பந்தைச் சுவரின் மேற்பரப்புக்கு வெளியே தள்ளியும் வைக்க வேண்டும். சுவர்த் துண்டுகள் சேரும் முனைகளில் பந்து நழுவாமல் இருக்க ஒவ்வொரு முனையையும் ஒரு சின்ன வட்டத் தூணாகக் கருதுங்கள்.

ஃபிளிப்பர் தனிக்கதை. தங்கள் செய்முறையில் ஃபிளிப்பர் என்பது இரண்டு படங்கள்: கீழே ஒன்று, மேலே ஒன்று. விசையை அழுத்தினால் படம் மாறும். இப்படிச் செய்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பந்து ஃபிளிப்பருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அல்லது சுவரில் பட்டதுபோல் சோம்பலாகத் துள்ளும். ஃபிளிப்பர் அசையும் சுவர். அதன் நீளம் 3 அங்குலம், 76 மி.மீ. 50 பாகை வீச்சை இரண்டு படங்களுக்குள், அதாவது முப்பதில் ஒரு நொடியில் முடிக்கிறது என்று கொள்ளுங்கள். நுனி 66 மி.மீ. நகரும், நொடிக்கு 2 மீட்டர். அந்த வீச்சையும் பதினாறு அடிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பந்தோடு சோதிக்க வேண்டும். மோதும் இடத்தில் ஃபிளிப்பரின் பரப்பு வேகத்தைப் பந்தின் வேகத்திலிருந்து கழித்துவிட்டு, வழக்கம்போல் திருப்பி, பிறகு மறுபடி கூட்ட வேண்டும். மீள்தன்மை 0.5 என்றால் நுனியில் பட்ட நிற்கும் பந்து 3 மீட்டர் வேகத்தில் பறக்கும், நடுவில் பட்டது 1.5 மீட்டர். மேசையின் உச்சியை எட்ட 1.3 மீட்டர் போதும். அச்சுக்கு அருகே கால்வாசியில் பட்டது 0.75 மீட்டர் வேகத்தில் கிளம்பி மேசையின் மூன்றில் ஒரு பங்கு ஏறித் திரும்பிவிடும். குறி பார்த்து அடிப்பது என்ற பேச்சே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பந்தை ஃபிளிப்பரில் ஏந்தி நிறுத்துவது பின்பாலில் அடிப்படைக் கலை. பல பழைய ஆட்டங்களில் பந்து ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும், நிற்காது. ஒவ்வொரு படத்துக்கும் ஈர்ப்பு சேர்க்கும் 10 பங்கு வேகத்தை மோதல் திருப்பிவிட்டுக்கொண்டே இருப்பதே காரணம். மோதும் பரப்புக்குச் செங்குத்தான வேகம் 38 பங்குக்குக் கீழே, அதாவது நொடிக்கு 5 செ.மீ.க்குக் கீழே வந்தால் அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். இந்த எண் 10-க்குக் குறைந்தால் பயனில்லை. 100-க்கு மேல் போனால் ரப்பர் செத்ததுபோல் இருக்கும்.

1992-ல் அமிகா கணினிக்கு ‘பின்பால் ட்ரீம்ஸ்’ வந்தபோது இந்தச் சங்கடங்கள் பெரும்பாலும் தீர்ந்திருந்தன. 7 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், திரையைவிட உயரமான மேசை, பந்தைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே நகரும் காட்சி. அதைச் செய்த டிஜிட்டல் இல்யூஷன்ஸ் குழுதான் பின்னாளில் ‘பேட்டில்ஃபீல்டு’ தொடரைக் கொண்டுவந்தது. மறுஆண்டு டாஸ் கணினிகளுக்கு ஜேம்ஸ் ஷ்மால்ஸின் ‘எபிக் பின்பால்’ வந்தது. ஒரே மேசையில் பல பந்துகள் டிஜிட்டல் இல்யூஷன்ஸின் அமிகா வரிசைக்குக் கிடைக்க 1995-ன் ‘பின்பால் இல்யூஷன்ஸ்’ வரை பொறுக்க வேண்டியிருந்தது. பந்துக்குப் பந்து மோதலும், எந்தப் பந்தைத் திரை பின்தொடர்வது என்ற குழப்பமும் எளிதல்ல.

விசைப்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்க கால ஆப்பிள் 2-ன் விசைப்பலகை கடைசியாக எந்த எழுத்து அழுத்தப்பட்டது என்று மட்டும் சொல்லும். விரல் இன்னும் விசைமேல் இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று சொல்லாது. ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் கேம் பேடில் என்ற கைக்கருவியின் பொத்தான்கள்தான் கதி. இன்றைய விசைப்பலகை இரண்டையும் சொல்லும், ஆனால் தங்கள் நிரல் ‘விசை தட்டப்பட்டது’ என்ற நிகழ்வை மட்டுமே கேட்கிறது. விசையை அழுத்திப் பிடித்தால் அந்த நிகழ்வு திரும்பத் திரும்ப வந்து ஃபிளிப்பர் படபடக்கும். அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று என்று தனித்தனியே கேட்டு, இடது, வலது ஒவ்வொன்றின் நிலையையும் ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்த நிரலைச் சோதிக்க ஒரு வழி: ஈர்ப்பைப் பூஜ்யமாக்குங்கள், எல்லாச் சுவருக்கும் மீள்தன்மையை 1 ஆக்குங்கள், கீழே குழியை ஒரு சுவரால் அடையுங்கள். பந்தை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஏதாவது கோணலான திசையில் விட்டுவிட்டு, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் திருப்பும் கணக்கில் பிழை இருக்கிறது. மேசைக்கு வெளியே போனால், போன இடத்தை நிரலே அச்சிடும்படி செய்யுங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு சுவர்த் துண்டுகளின் முனைகள் ஒரு புள்ளி விலகியிருக்கும்.

இப்படிக்கு,
கணினி நிரலாக்கம் கற்பிக்கும் ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி